விடைவழு: மருத்துவ இயந்திரங்களின் மொழி பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கணகாரர் சொல்லதிகாரத்தில் வழு என்பதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். திணை, பால், இடம், காலம், மரபு ஆகியவற்றில் நேரும் வழுக்களோடு வினாவழு, விடைவழு ஆகிய இரண்டினையும் அவர்கள் சேர்த்து எண்ணியமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. முன்னைய ஐந்தினையும் பெரும்பாலும் வாக்கியத்தின் உள்ளேயே கண்டுகொள்ளலாம். எழுவாயையும் பயனிலையையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து அவை புலப்பட்டுவிடும். வினாவும் விடையும் அத்தகையனவல்ல. அவற்றின் சரி பிழை இருவருக்கிடையே தங்கியிருப்பது. கேட்டவனுக்கு வேண்டியது கிடைத்ததா என்பதை அறியாமல், சொல்லப்பட்டது வழுவா அன்றா என்று துணிதல் இயலாது.

நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் உற்றது உரைத்தல், உறுவது கூறல் என்பன இரண்டு. 'ஆடுவாயா?' என்று வினவப்பட்டவன் 'கால் வலித்தது' என்றோ 'கால் வலிக்கும்' என்றோ கூறுவதைப் பாடசாலை மாணவரும் அறிவர். இவற்றில் ஆம் என்ற சொல்லும் இல்லை, இல்லை என்ற சொல்லும் இல்லை. எனினும் கேட்டவன் தெளிவு பெறுகின்றான். நடந்தது யாது, நடக்கப்போவது யாது என்பதை அவனுக்குச் சொல்லிவிடுவதனாலேயே நேரல்லாத இவ்விடைகளும் விடைகளாகின்றன.

இலக்கணகாரர் கருதியது மனிதருக்கிடையிலான உரையாடலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வைத்தியசாலைகளில் மனிதரல்லாத ஒன்றும் வினவவும் விடைகூறவும் தொடங்கியது. மருந்தேற்றும் பம்பி, செயற்கைச் சுவாசக் கருவி, கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் முதலியவை கணினியோடு இணைந்த பின்னர் 'எவ்வளவு?' என்று கேட்கின்றன. 'முடிந்தது' என்றோ 'முடியவில்லை' என்றோ சொல்கின்றன. தாதியரும் வைத்தியரும் அவற்றுக்கு விடையளிக்கின்றனர். அவை கூறும் விடையைக் கொண்டு மேலே செயற்படுகின்றனர். இவ்வுரையாடல் நிகழும் இடத்தைப் பொறியியலாளர் இடைமுகம் என்பர். அதனைத் திருத்துவது பற்றி எழுதப்பட்டவை இன்று ஏராளம். எழுத்தின் பருமன், நிறங்களின் வேறுபாடு, சாவிகளின் இடம், எச்சரிக்கை ஒலியின் உரப்பு என அவை விரிகின்றன. அவை வேண்டாதன என்று எவரும் சொல்லார். ஆயின் அவை யாவற்றுக்கும் முந்திய கேள்வியொன்று உண்டு: இயந்திரம் கூறும் விடை, விடைதானா? மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோர் தமக்கு உரியதன்று என ஒதுக்கிவிடும் துறையொன்றினுள்ளே இக்கேள்வி அவர்களை இழுத்துச் செல்கின்றது.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் தெரக்-25 என்ற இயந்திரத்தின் வரலாற்றைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. கனடிய அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் தயாரித்த நேர்கோட்டு ஆர்முடுக்கி அது. புற்றுநோய்க் கட்டிகளுக்கு இலத்திரன் கற்றையாலோ எக்ஸ்-கதிராலோ சிகிச்சை அளிக்கவல்லது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6 என மொத்தம் 11 இயந்திரங்கள் நிறுவப்பட்டன. இதற்கு முன்வந்த தெரக்-20 இல் பிழையான கற்றை பாய்வதைத் தடுக்கும் தனியான பாதுகாப்புச் சுற்றுகளும் பொறிமுறைப் பூட்டுகளும் இருந்தன. புதிய இயந்திரத்தில் அப்பணியின் பெரும்பகுதி கணினியின் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரையிலான காலப்பகுதியில் ஆறு நோயாளர் இவ்வியந்திரத்தினால் அளவுக்கு மிக மிஞ்சிய கதிர்வீச்சைப் பெற்றனர். அவர்களுட் குறைந்தது மூவரின் மரணத்துக்கு அதுவே காரணமாயிற்று.

ரெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரப் புற்றுநோய் நிலையத்தில் 1986 மார்ச் 21 ஆம் நாள் நிகழ்ந்தது இவற்றுள் மிக விரிவாகப் பதிவுசெய்யப்பட்டதாகும். நோயாளர் சிகிச்சை அறையிலே குப்புறப் படுத்திருந்தார். முதுகின் மேற்பகுதியில் 180 ராட் அளவான இலத்திரன் சிகிச்சை அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. இயக்குநர் வெளியே தமது திரையின் முன் அமர்ந்து விபரங்களைத் தட்டெழுத்திற் பதிந்தார். அவர் அனுபவம் மிக்கவர், வேகமாகப் பதிபவர். சிகிச்சைகளிற் பெரும்பாலானவை எக்ஸ்-கதிர்ச் சிகிச்சைகளாதலின் பழக்கத்தினால் 'ஈ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'எக்ஸ்' என்று பதிந்துவிட்டார். உடனே தவற்றைக் கண்டு, மேல்நோக்கிய அம்புக்குறிச் சாவியினால் அவ்விடத்துக்குச் சென்று திருத்தினார். ஏனைய விபரங்கள் சரியாயிருந்தன. கற்றையைச் செலுத்தும் சாவியை அழுத்தினார். இயந்திரம் நின்றது. திரையில் 'மல்பங்சன் 54' என்ற சொற்கள் தோன்றின. தமிழில் அதனை 'வழு 54' என்று கொள்ளலாம். கேட்கப்பட்ட 202 அலகுகளில் 6 மாத்திரமே கொடுக்கப்பட்டதாகவும் திரை காட்டிற்று. குறைந்த அளவே சென்றது எனக் கருதிய இயக்குநர், தொடர்க எனப் பொருள்படும் 'பி' சாவியை அழுத்தினார். மீண்டும் அதே வழு 54.

உள்ளேயிருந்த நோயாளர், முதற்கற்றை பாய்ந்தபோது முதுகிலே மின்சாரம் தாக்கியதுபோல் உணர்ந்தார். வழமைக்கு மாறானது ஏதோ நிகழ்ந்துவிட்டதென்று எழும்ப முயன்றார். இரண்டாவது கற்றை அவரது கையைத் தாக்கிற்று. அவர் எழுந்து சென்று கதவிலே தட்டினார். அன்றைய தினம் அறையைக் காட்டும் தொலைக்காட்சியின் இணைப்புக் கழற்றப்பட்டிருந்தது, ஒலிவாங்கியும் பழுதடைந்திருந்தது. ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவான இடத்தில், ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில், 16,500 முதல் 25,000 ராட் வரை அவர்மீது பாய்ந்திருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களின் பின் அவர் இறந்தார்.

'வழு 54' என்ற இவ்விரு சொற் பனுவலை இலக்கியத் திறனாய்வாளன் ஒருவன் எவ்வாறு நோக்குவான்? இது முற்றுப்பெற்ற வாக்கியமன்று. எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. எது வழுவியது, எங்கே வழுவியது, எவ்வளவு வழுவியது என்பன இல்லை. ஓர் எண் மாத்திரம் உண்டு. அவ்வெண்ணுக்குரிய விளக்கம் இயந்திரத்தின் பக்கத்திலே ஒட்டப்பட்டிருந்த தாளில் இருந்தது. அத்தாள் கூறியது 'டோஸ் இன்புட் 2' என்பதாகும். கைந்நூலில் வேறு விளக்கம் இருக்கவில்லை. நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் பிற்காலத்தில் அதற்குப் பொருள் கூறினார்: கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு மிகக் கூடிவிட்டது, அல்லது மிகக் குறைந்துவிட்டது.

கூடியது அல்லது குறைந்தது! கட்டிலில் கிடப்பவனுக்கு இவ்விரண்டுக்குமிடையிலான தூரம் உயிருக்கும் சாவுக்குமிடையிலான தூரம். எழுதியவனுக்கோ இரண்டும் ஒரே இலக்கம். மென்பொருளை எழுதியவன் தன் நிரலிலே எந்த இடத்தில் தடங்கல் ஏற்பட்டது என்பதைத் தனக்குத்தானே குறித்துக்கொண்ட குறிப்பு அது. அதனைத் திரையில் வாசிக்கப்போகின்றவர் வேறொருவர், அவர் அறிய வேண்டியது வேறொன்று என்ற எண்ணம் அக்குறிப்பில் எங்கும் இல்லை. இயக்குநரின் மனத்தில் இருந்த வினா 'நோயாளருக்கு என்ன நேர்ந்தது? இனித் தொடர்ந்தால் என்ன நேரும்?' என்பது. உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் வேண்டப்பட்ட இடத்தில் இயந்திரம் தன் உள்வீட்டுக் கணக்கைச் சொல்லிற்று. இதனையே விடைவழு என்க. போதாததற்கு, 6 அலகுகள் என்ற எண் நேர்ப்பொய்யாகவும் அமைந்தது. கதிர்வீச்சை அளக்கும் அயனறைகள் அத்துணைப் பெரிய அளவைத் தாங்கமாட்டாது நிரம்பிப்போய்க் குறைவான எண்ணைத் தந்தன. அளவுமீறிய பெருக்கைத் திரை பற்றாக்குறையாகக் காட்டிற்று.

இவ்விடத்தில் மற்றுமோர் இலக்கணக் கருத்தும் நினைவுக்கு வருகின்றது. வழு எனத் தக்கது, வழக்கினாலும் காரணத்தினாலும் ஏற்றுக்கொள்ளப்படுமாயின் இலக்கணகாரர் அதனை வழுவமைதி என்பர். தெரக்-25 இயங்கிய அறைகளிலே வழுவமைதி நாள்தோறும் நடந்தேறிற்று. சில நாட்களிற் சராசரியாக 40 தடவை கதிர்வீச்சளவு பற்றிய வழுக்கள் தோன்றியதாக வேறொரு சிகிச்சை நிலையத்தின் ஊழியர் தெரிவித்தார். வழு தோன்றும், 'பி' சாவி அழுத்தப்படும், சிகிச்சை தொடரும், எவருக்கும் ஒன்றும் நேராது. இவ்வாறு ஐந்து தடவை வரை தொடர இயந்திரமே இடமளித்தது. 1985 ஜூலையில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்ற்றன் நகரில், கதிர்வீச்சு எதுவும் செல்லவில்லை என்று திரை காட்டக் காட்ட, இயக்குநர் தொடர்க என்ற சாவியை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் கதிர்வீச்சுச் சென்றிருக்கக் கூடும் என்பது பிற்பாடு கருதப்பட்டது. ஊழியரை மரத்துப்போனவர் என்று சாடுதல் எளிது. மரத்துப்போகச் செய்தது எது? அற்பமானதையும் கொடியதையும் ஒரே குரலில், ஒரே சொல்லால், எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லிய மொழியே அது. நாற்பது தடவை 'புலி' என்றவன் நாற்பத்தோராவது தடவையும் 'புலி' என்றால் கேட்பவன் திரும்பிப் பாராமைக்கு அவனது செவியைக் குறைகூற முடியாது.

இவ்வாதத்துக்கு மறுப்பு ஒன்று எழும், அது நியாயமானதுமாகும். டைலர் நகர விபத்துக்கு மூலகாரணம் சொற்கள் அல்ல. காந்தங்கள் உரிய நிலைக்கு வருவதற்கு ஏறத்தாழ 8 செக்கன்கள் தேவைப்பட்டன. அந்த 8 செக்கன்களுக்குள் இயக்குநர் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி அறியாமற் போயிற்று. எக்ஸ்-கதிருக்குரிய பெருங்கற்றை, அதனைத் தணிக்கும் தடுப்பின்றியே நோயாளர்மீது பாய்ந்தது. திரை எத்துணை நல்ல மொழியில் எழுதியிருப்பினும் அந்த முதற்கற்றையைத் தடுத்திராது; எழுத்துத் தோன்றியதே கற்றை பாய்ந்த பின்னர்தான். இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் இரண்டாவது கற்றை? அதனை அனுப்பியது 'வழு 54' என்பதும் '6 அலகுகள்' என்பதும் சேர்ந்து உண்டாக்கிய பொருள்மயக்கமே. 'கதிர்வீச்சு அளவு மீறியிருக்கலாம், தொடரற்க, நோயாளரைப் பார்க்க' என்று திரை சொல்லியிருக்குமாயின் இயக்குநரின் விரல் அச்சாவியை நாடியிராது. அத்தகைய ஒரு வாக்கியம் முதல் விபத்திலேயே எழுதப்பட்டிருக்குமாயின் ஆறு விபத்துக்களுக்கிடையே ஏறத்தாழ இருபது மாதங்கள் கடந்திரா என்று கருதவும் இடமுண்டு.

அந்த இருபது மாதங்களில் நிறுவனம் பேசிய மொழியும் இங்கு விமர்சனத்துக்குரியதே. ஹமில்ற்றன் விபத்தின் பின்னர் சுழல்தட்டின் நிலையை அறியும் நுண்ணாளி ஒன்றே காரணம் என நிறுவனம் ஊகித்தது. அதனைத் திருத்தியபின் பாதுகாப்பு முன்னையதினும் குறைந்தது 100,000 மடங்கு கூடியதாக அறிவித்தது. ஊகத்தின் அடியாகப் பிறந்த இவ்வெண் எவ்வளவு உறுதியோடு ஒலிக்கின்றது! டைலரில் முதல் விபத்து நேர்ந்தபோது நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து பார்த்தனர். வழு 54 ஐ அவர்களால் மீண்டும் தோற்றுவிக்க முடியவில்லை. மின்னதிர்ச்சியாக இருக்கலாம் என்று ஐயுற்றனர். அவ்வாறான மின்கோளாறு எதுவும் இல்லை என வேறொரு நிறுவனம் ஆராய்ந்து கூறியது. ஏப்ரல் 7 ஆம் நாள் இயந்திரம் மீண்டும் சேவைக்கு விடப்பட்டது. நான்கு நாட்களின் பின், அதே இயக்குநர், அதே திருத்தம், அதே வழு 54. இம்முறை ஒலிவாங்கி பழுதின்றி இருந்தது. உரத்த சத்தத்தையும் அதனைத் தொடர்ந்து நோயாளரின் முனகலையும் இயக்குநர் செவியாரக் கேட்டார். மூன்று வாரங்களில் அந்நோயாளரும் இறந்தார்.

இவ்வரலாற்றை உலகறியச் செய்த பெருமை நான்சி லெவெசன், கிளாக் ரேணர் ஆகிய இருவரும் 1993 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைச் சாரும். மேலே கூறியவற்றிற் பெரும்பகுதி அதனாலேயே இன்று அறியப்படுகின்றது. ஒரு நிரற்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற எளிய நம்பிக்கையை அவர்கள் தகர்த்தனர். பாதுகாப்பு என்பது முழு அமைப்பின் பண்பு, அதன் ஓர் உறுப்பின் பண்பன்று என நிறுவினர். இவ்வகையில் அக்கட்டுரையின் இடம் அசைக்க முடியாதது. ஆயினும் அதிற் காணப்படும் ஒரு கருத்து மறுபரிசீலனைக்குரியது. இயந்திரத்தைப் பயன்படுத்த இயன்றவரை எளிதாக்குதல் பாதுகாப்புடன் முரண்படக்கூடும் என அவர்கள் எச்சரித்தனர். அதற்குச் சான்றும் உண்டு. தொடக்கத்தில் சிகிச்சை விபரங்களை அறையினுள்ளே ஒரு முறையும் வெளியேயுள்ள திரையில் மறுமுறையும் பதிய வேண்டியிருந்தது. இது நேரத்தை விழுங்குகின்றது என இயக்குநர்கள் முறையிட்டனர். நிறுவனம் இணங்கிற்று; ஒரே சாவியை அழுத்தி அழுத்தி முன்னைய விபரங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுமாறு மாற்றியமைத்தது. இரு தடவை எழுதி ஒப்புநோக்குதல் என்ற சரிபார்ப்பு, ஒரே சாவியின் தாளலயமாகச் சுருங்கிற்று.

இதனை எளிமைக்கும் பாதுகாப்புக்குமிடையிலான முரண்பாடு என்று கொள்வதிலும் பார்க்க, எளிமை என்ற சொல்லின் இருபொருள் தந்த விளைவு என்று கொள்வதே பொருத்தமுடையது. கைக்கு எளிமை வேறு. அறிவுக்கு எளிமை வேறு. நிறுவனம் கொடுத்தது கைக்கு. நோயாளருக்கு நடப்பதை அறிவதற்கான எளிமை முன்னும் இருக்கவில்லை, பின்னும் வரவில்லை. இயக்குநர்களின் முறைப்பாட்டிலும் குறையில்லை. வரிசையிற் காத்திருக்கும் நோயாளர், குறைந்த ஆளணி, நேர அட்டவணை ஆகியவற்றுக்கிடையே உழைப்பவர் வேகத்தைத்தான் கேட்பார். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு அவருக்கு வேண்டியதைக் கொடாமல் விட்டதை எளிமையின் பெயரால் அழைப்பது அச்சொல்லுக்கே இழுக்கு.

தெரக்-25 பழங்கதை, இன்றைய இயந்திரங்கள் அத்தகையனவல்ல என்பார் உளர். அதே கனடாவின் எட்மன்ரன் நகரில் 2006 ஆம் ஆண்டு நிகழ்ந்தது அவர்களுக்கு விடையாகும். புளோரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்தை நோயாளர் வீட்டிலிருந்தவாறே சிறு பம்பி ஒன்றின் மூலம் நான்கு நாட்களிற் பெறவேண்டும். மருந்துப் பையின் சிட்டையில் நோயாளருக்குரிய அளவுகளோடு '24 மணித்தியாலத்துக்கு 28.8 மில்லிலீற்றர்' என்றும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் 'மணித்தியாலத்துக்கு 1.2 மில்லிலீற்றர்' என்றும் அச்சிடப்பட்டிருந்தது. பம்பி கேட்டது மணித்தியாலக் கணக்கை. அனுபவமிக்க தாதி ஒருவர் கணக்கிட்டார், மற்றொருவர் சரிபார்த்தார். இருவரும் 24 ஆல் வகுக்க மறந்தனர். கிடைத்த விடை 28.8. அதே எண் சிட்டையிலும் இருந்தமையால் ஐயம் எழவில்லை. பம்பியும் அவ்வெண்ணை ஏற்று இயங்கிற்று. நான்கு நாட்களுக்குரிய மருந்து ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் உடலினுட் சென்றுவிட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் நோயாளர் இறந்தார். காலவழு என்பதற்கு இலக்கணகாரரும் இவ்வளவு கொடிய உதாரணம் காட்டியதில்லை.

அடுத்த ஆண்டில் வெளியான விசாரணை அறிக்கை தாதியரின் மறதியோடு நின்றுவிடாது சிட்டையையும் பம்பியையும் சேர்த்தே ஆராய்ந்தது. அது சரியான நெறி. வேண்டாத எண்ணை முன்னே நிறுத்தி வேண்டிய எண்ணை அடைப்புக்குறிக்குள் ஒடுக்கிய சிட்டை ஒரு மோசமான வாக்கியம். அதனை வாசித்தவர்கள் தவறினார்கள் என்பது உண்மை. தவறுமாறு அது எழுதப்பட்டிருந்தது என்பதும் அதே அளவு உண்மை. பம்பியோ ஓர் எதிர்வினா எழுப்பியிருக்கலாம். நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள் வினாவையே விடையாக விடுத்தலும் ஒன்றல்லவா? 'இம்மருந்துப் பை நான்கு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சம்மதமா?' என்ற ஒரு வினா போதுமாயிருந்தது.

நல்ல விடை எப்பொழுதும் சொல்லாலேயே அமையவேண்டும் என்பதுமில்லை. மயக்கமருந்து இயந்திரத்தில் ஒட்சிசனுக்குரிய திருகி ஏனையவற்றினும் பெரியதாய், முன்தள்ளி, ஆழ்ந்த வரிகள் பொறிக்கப்பட்டதாய் இருக்கும். இருட்டிலும், கண்கள் நோயாளரின்மேல் நிலைத்திருக்கும்போதும் விரல் அதனை இனங்கண்டுகொள்ளும். ஒட்சிசனின் பங்கு ஏறத்தாழ 25 சதவீதத்துக்குக் கீழிறங்காதவாறு நைதரசொட்சைட்டுத் திருகியை அதனோடு பிணைத்து வைப்பதும் உண்டு. மருத்துவரின் கை தவறு செய்ய முற்படுமிடத்து இயந்திரம் விவாதிப்பதில்லை, இணங்க மறுக்கின்றது. தெரக்-20 இன் கதையும் இத்தகையதே. டைலரில் உயிர்குடித்த அதே நிரற்பிழை அப்பழைய இயந்திரத்திலும் இருந்தமை பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகத்திற் கண்டறியப்பட்டது. மாணவர் தாறுமாறாகப் பதிந்த வேளைகளில் அங்கே உருகிகள் எரிந்துபோயின, அவ்வளவே. எரிந்த உருகி 'வழு 54' என்பதிலும் தெளிவாகப் பேசிற்று.

தமிழ்ச் சூழலில் இப்பொருள் பற்றிப் பேச்செழுமிடத்து உடனடியாக முன்வைக்கப்படுவது மொழிபெயர்ப்பு. இலங்கையின் வைத்தியசாலைகளிலுள்ள இத்தகைய இயந்திரங்கள் பெரும்பாலும் பிறநாடுகளிலிருந்து வருவன. அவற்றின் திரைகள் ஆங்கிலத்திற் பேசுவன. தமிழிலும் சிங்களத்திலும் சிந்திக்கும் தாதியர் அவற்றை இயக்குகின்றனர். ஆதலின் திரைகளைத் தாய்மொழியாக்குதல் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண்ணில் இக்கோரிக்கை புதியதுமன்று. ஆயினும் கிறீன் முயன்றது சொல்லுக்குச் சொல் மாற்றுவதோடு அமையவில்லை. மாணவன் விளங்கிக்கொள்வதே அவரது நோக்கமாயிருந்தது. 'மல்பங்சன் 54' என்பது 'வழு 54' ஆவதனால் டைலர் நகர நோயாளருக்கு யாதொரு பயனும் இராது. அத்திரையின் முன் அமர்ந்திருந்தவர் ஆங்கிலம் அறியாதவரல்லர். ஊமையை எம்மொழியில் பெயர்த்தாலும் ஊமையே.

கடந்த ஆண்டுகளில் இத்துறையின் கலைச்சொல்லிலே நேர்ந்த மாற்றமொன்று குறிப்பிடத்தக்கது. முன்னர் 'பயன்படுத்துவோரின் வழு' என்று வழங்கப்பட்டதை, 2007 இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு வெளியிட்ட தராதரம் 'பயன்பாட்டு வழு' என்று குறித்தது. எழுவாயிலிருந்து மனிதனை விலக்கித் தொழிலை அங்கு வைக்கும் இச்சிறு மாற்றத்தினால் பழியின் திசை மாறுகின்றது. தவறியவர் யார் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, தவறு எங்கே விளைந்தது என்பது முன்வருகின்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வொரு வகைப் பயன்படுத்துவோரிலிருந்தும் குறைந்தது 15 பேரைக் கொண்டு கருவியைப் பரீட்சித்துக் காட்டவேண்டும் என எதிர்பார்த்தது. எழுதியவன் வாசகனைத் தேடிச் சென்று தன் வாக்கியத்தை வாசிக்கச் செய்து பார்ப்பதற்கு ஒப்பானது இது. இலக்கிய உலகில் எத்தனை பேர் இதற்குத் துணிவர் என்பது வேறு விடயம். எனினும் பரீட்சார்த்த அறையில் வாசிக்கும் அந்தப் பதினைந்து பேருக்கும் இரவுக் கடமையில், நான்கு கட்டில்களில் நான்கு பம்பிகள் ஒருங்கே ஒலிக்கையில் வாசிக்கும் தாதிக்குமிடையே இடைவெளி உண்டு. தராதரங்கள் அவ்விடைவெளியைக் கணக்கிலெடுக்குமாறு சொல்கின்றன. கணக்கிலெடுத்தல் எவ்வளவு நேர்மையுடன் நிகழ்கின்றது என்பது கருவியை விற்போரின் கையிலும் அதனை வாங்கும் வைத்தியசாலைகள் என்ன கேள்வி கேட்கின்றன என்பதிலுமே தங்கியுள்ளது. விலையைக் கேட்போர் பலர். திரையிலே தோன்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்போர் அரியர்.

டைலரின் இரண்டாவது விபத்தின் பின் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. நிறுவனத்தின் வருகைக்குக் காத்திராமல், அந்நிலையத்தின் பௌதிகவியலாளர் இயந்திரத்தைச் சேவையிலிருந்து நீக்கிவிட்டு இயக்குநரோடு திரையின் முன் அமர்ந்தார். தாம் செய்தவற்றை இயக்குநர் வரிசை பிறழாமல் நினைவிலிருந்து கூறினார். மீண்டும் மீண்டும் பதிந்தனர், திருத்தினர், கற்றையைச் செலுத்தினர். ஈற்றில், வேகமே திறவுகோல் என்பது புலப்பட்டது. பழகிய விரல்களின் வேகத்தோடு திருத்தினால் மாத்திரமே வழு 54 தோன்றும். வேண்டியபோதெல்லாம் அதனைத் தோற்றுவிக்க அவர்கள் கற்றுக்கொண்டனர். செய்தியறிந்த நிறுவனப் பொறியியலாளர் தாமும் முயன்றபோது முதலில் இயலவில்லை; வேகமாகப் பதியவேண்டும் என்று சொல்லப்பட்ட பின்னரே இயன்றது. இயந்திரத்தை எழுதியோர் வாசித்தறியாத அதன் பொருளை, அதனை நாள்தோறும் வாசித்தவர் வாசித்துக் காட்டினார்.

1986 ஏப்ரல் 15 ஆம் நாள் நிறுவனம் தெரக்-25 இனைப் பயன்படுத்திய வைத்தியசாலைகளுக்குக் கடிதம் அனுப்பிற்று. மறு அறிவித்தல் வரை, மேல்நோக்கிய அம்புக்குறிச் சாவியைத் திருத்தங்களுக்கோ வேறெதற்குமோ பயன்படுத்தலாகாது; அதன் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே தொடுகை ஏற்படாதவாறு மின்நாடாவினால் ஒட்டிவிடுதல் வேண்டும் என்று அக்கடிதம் பணித்தது. 'எக்ஸ்' என்று தவறாகப் பதிந்தவர் 'ஈ' என்று திருத்துவதற்குக் கைகொடுத்த சாவி அதுவே.